பல்லிடுக்கில் நூல்

எந்த வயசுல ஆரம்பிக்கலாங்க என்று
அம்மாக்கள் கேட்கும்போது
என் பல்லிடுக்கில் நூல் இருக்கும்.
புருவம் திருத்துகிறவளுக்கு
பதில் சொல்லாமலிருக்க
இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

ஜாகீர் அம்மாபாளையத்தில்
மாவு மில்லுக்கு மேல்மாடியில் என் பார்லர்.
படியேறி வரும் எந்த முகமும்
கொஞ்சம் வெளுத்துத்தான் வந்து சேரும்.

கார்த்திகையில் ஒருநாள் செல்வராணி
மகளை மணிக்கட்டில் பிடித்து இழுத்து வந்தார்.
லிபிகா. ஏழாம் வகுப்பு.
ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குக் கீழே
ஒரு லிப்ஸ்டிக் கிடைத்ததாம்.
ஏற்காடு டூர் போனபோது
ஏரிக்கரைக் கடையில் நாற்பது ரூபாய்.
பழுத்த காபிப் பழத்தின் நிறம்.
"பன்னெண்டு வயசுக்கு இது கேக்குதுங்களா?
போட்டா உதடு கறுத்துப் போயிடும்னு
நீங்களே சொல்லுங்க."
கறுக்கும் என்றேன்.
லிபிகா என் உதட்டைப் பார்த்தாள்.
அன்று நான் போட்டிருந்தது மெரூன்.

குப்பையில் போடச் சொல்லி
அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார் செல்வராணி.

மாசியில் திரும்ப வந்தார்,
கையில் அட்வான்ஸோடு.
"பெரியவளாயிட்டாங்க.
சீலநாயக்கன்பட்டியில மண்டபம்.
வீடியோ எடுக்கறாங்க, எச்டி மேக்கப்பே போட்டுடுங்க.
கலர் ரெண்டு படி தூக்கிக் காட்டுங்க."
வயதைப் பற்றி இந்த முறை கேள்வி இல்லை.
நானும் கேட்கவில்லை.
ஐயாயிரத்தை இரண்டு தரம் எண்ணி உள்ளே வைத்தேன்;
கரண்ட் பில் கட்ட வேண்டியிருந்தது.

மண்டப வாசலில் பிளெக்ஸ்.
மூலையில் மூன்று மாதக் குழந்தையாக லிபிகா:
வரைந்துவிட்ட புருவம்,
கன்னத்தில் எட்டணா அளவு மை,
உள்ளங்காலில் இன்னொன்று.
அந்த வயதைப் பற்றி
யாரும் யாரையும் கேட்டதில்லை.

விடியற்காலை நாலரை.
மணமகள் அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.
கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது.
பவுண்டேஷன் முடித்து, கண் வரையுமுன்
அந்த வெற்று வெள்ளையைக் கண்ணாடியில் பார்த்து
லிபிகா சொன்னாள்:
"லோடு இறக்கிட்டு வந்தா
எங்கப்பா இப்படித்தான் இருப்பாரு."
கருப்பூர் வெள்ளைக்கல் லாரி ஓட்டுகிறவர்.
இமை வரைக்கும் பொடி.
குழாயடியில் அரைமணி நேரம் தேய்த்த பிறகுதான்
வீட்டு ஆளாவார்.

அப்புறம் கேட்டாள்:
"நீங்க எந்த வயசுலக்கா?"

இத்தனை வருடத்தில்
என்னைக் கேட்டவர் கிடையாது.
வாயில் நூலும் இல்லை.

"பதினொண்ணு.
குங்குமத்துல தேங்காயெண்ணெய் கொழைச்சு,
பாத்ரூம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு.
பயந்து போயி பாவாடையில துடைச்சுட்டேன்.
கறையப் பாத்த எங்கம்மா
வேற என்னமோன்னு நெனச்சு
தண்ணி ஊத்த அத்தையக் கூப்பிட்டுட்டாங்க."

சிரித்தாள்.
சிரித்ததில் கன்னத்துப் பூச்சு கோடு கோடாக விட்டது.
மறுபடி பூச வேண்டியதாயிற்று.

உதட்டுக்கு பீச் கலர் என்றார் அத்தைக்காரி. போட்டேன்.
சீர்த்தட்டு முப்பத்தொன்பது.
தாய்மாமன் மாலை போட்டபோது
கழுத்தோர வியர்வை மட்டும்
சொந்த நிறத்தில் வழிந்து இறங்கியது.

பந்தி முடிந்ததும்
பஞ்சும் எண்ணெயுமாக நானே துடைத்தெடுத்தேன்.
கறுக்கக் கறுக்க
அவள் முகம் அவளுக்கு வந்தது.
உதட்டருகே போனதும் என் கையைப் பிடித்தாள்.
"இதை நான் பாத்துக்கறேன்."
பெட்டியைத் திறந்தபடி வைத்துவிட்டு
கை கழுவப் போனேன்.
கொஞ்சம் நேரமெடுத்துத்தான் கழுவினேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு
செல்வராணியின் போன்.
பிரேயரில் டீச்சர் வெளியே நிறுத்திவிட்டாராம்.
"சரியாத் துடைக்கலையாங்க நீங்க?
ஆனா பீச் கலர் இல்லைங்களாம்,
வேற என்னமோ நிறமாம்..."

நாற்காலியில் ஒருத்தி
கண்ணை மூடிக் காத்திருந்தாள்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
நூலை எடுத்துப்
பல்லில் கடித்தேன்.