லாங் ஆன்

மைக்கில் முதன்முதலாய் என் பேரைத் தப்பாய்த்தான் சொன்னார்கள்.
சேவுகன் இல்லை, சேகர்.
இருநூறு ரூபாயும் ஆறு பரோட்டாவும் கொடுக்கிற ஊர்
எப்படியும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.
கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய், மாசி மாதம்,
வெடித்த கரம்பையைத் தட்டிச் சமமாக்கி
பாய் விரித்த பிட்ச்.
எனக்குக் கொடுத்த இடம் மடைக்குப் பக்கத்தில்,
சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓரடி உள்ளே.

பேட் பிடிக்கத் தெரியாது. கடைசி ஆளாய் இறங்கி
மறுபந்தில் திரும்பிவிடுவேன்.
பந்துவீச்சு அதைவிட மோசம்.
என்னைக் காசு கொடுத்துக் கூப்பிட்டது
காலுக்கும் கைக்கும்.
ராஜாங்கம் சொல்வான்:
"அந்தப் பக்கம் ஏத்தி அடிச்சவன்
பேடைக் கழட்டிக்கிட்டே நடக்கலாம்."

வார நாளில் மாட்டுத்தாவணி.
லாரி மேலிருந்து அயூப் பூசணி வீசுவான்,
கீழே நான்.
லோடுக்கு நானூறு காய்.
யாரும் கை தட்டியதில்லை.
ஒன்று உடைந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

இந்த ஞாயிறு வெள்ளலூருக்கு,
அடுத்த ஞாயிறு வெள்ளலூரை எதிர்த்து.
முதுகுக்குப் பின்னால் அதே ஆட்கள்.
போன வாரம் கலர் வாங்கித் தந்தவர்
இந்த வாரம் என் ஆத்தாளை இழுப்பார்.
கோட்டோரம் நிற்பவனுக்கு
ஆட்டம் தூரத்தில் நடக்கும்,
ஊர் காதுக்குள் நடக்கும்.
யார் வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தார்கள்,
எந்தக் குவாரிக்கு லீஸ் முடிந்தது,
எல்லாம் எனக்குத் தெரியும்.
ஸ்கோர் மட்டும் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

திருவாதவூரில் இறுதி ஆட்டம். ராத்திரி, விளக்கு.
ஏழாவது ஓவர் முடிந்ததும்
பின்னாலிருந்து ஒரு குரல், கடலை தின்றபடி:
"வந்தா விட்டுரு. ஐயாயிரம்."
திரும்பிப் பார்க்கவில்லை.
மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் நாலாயிரத்து எண்ணூறு.
மிச்சம் இருநூறு என்று
மனசு சில்லறையையும் எண்ணி முடித்துவிட்டது.
விட்டுவிடுவது என்று தீர்மானித்துத்தான் நின்றேன்.
பந்து வந்தது.
விளக்கைச் சுற்றிய பூச்சிக் கூட்டத்துக்குள் போய்த் தொலைந்து
வேறெங்கிருந்தோ இறங்கியது.
கால் பின்னால் நாலு எட்டு வைத்தது,
நான் சொல்லவில்லை.
கை மேலே போனது.
கோட்டுக்கு அரையடி முன்னால்
பூசணிக்காய் மாதிரி
உடையாமல் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கு மைக்கில் பேரைச் சரியாய்ச் சொன்னார்கள்,
மூன்று தடவை.
என் காதில் விழுந்தது
பின்னால் யாரோ கடலைத்தோலை ஊதிய சத்தம்.
மீனாளின் தோடு அடகுக் கடைக்குப் போனது.
ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.
"எவ்வளவு குடுத்தாங்க?" என்றாள்.
அறுநூறு.

அதற்கப்புறமும் ஒன்பது வருடம் ஆடினேன்.
குதிகாலில் ஒரு கருவேல முள், எடுக்க வராமல்
உள்ளேயே கெட்டியாகிவிட்டது.
கோப்பையெல்லாம் அந்தந்த ஊர் டீக்கடையில் இருக்கிறது.
ஸ்கோர் நோட்டில் நான்
அடுத்தவன் அவுட்டுக்குப் பக்கத்தில்
பொடி எழுத்தில் இருக்கிறேன்.

சிட்டம்பட்டியில் ஒரு மத்தியானம்,
எவனும் எதுவும் தருவதாய்ச் சொல்லாத ஆட்டம்.
நெஞ்சுக்கு நேராய் வந்தது பந்து,
குழந்தை கூடப் பிடிக்கும்.
இரண்டு கையும் சேர்ந்துதான் இருந்தது.
தரையில் விழுந்து ஒருதரம் எம்பி
சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு வெளியே போனது.

எடுக்கப் போனேன்.
ஒரு பொடியன் பந்தைக் காலால் நிறுத்தி வைத்துக்கொண்டு
நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போலக் கேட்டான்:
"எவ்வளவுண்ணே வாங்குனீங்க?"