ஆறு இலக்கம்

தாதர் ஸ்டேஷன், நாலாம் மேடை.
வவுனியாவில் உயிரோடிருந்த சிம்
கடலைத் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டது.
சரக்கெடுக்கும் கடையின் விலாசம்
வாட்ஸப்புக்குள். வாட்ஸப் ஆகாயத்தில்.
தகரப் பலகை சொன்னது: வைஃபை இலவசம்,
அரை மணித்தியாலம்.

தொட்டேன். வருக என்றது.
தொலைபேசி எண் கேட்டது. கொடுத்தேன்.
இந்திய எண் வேண்டுமாம்.
இந்திய எண் இருந்தால்
உன்னிடம் நான் ஏனம்மா வருகிறேன்?

சனம் இறங்கிச் சனம் ஏறியது.
போனை நீட்டினேன்.
ஒருவர் மணி சொன்னார்.
ஒருவர் காசில்லை என்று கைவிரித்தார்.
ஒரு பிள்ளை காதில் பாட்டோடு
தலையை ஆட்டிக்கொண்டே ரயிலுக்குள் போனது.

மகளிர் பெட்டி வந்து நிற்குமிடத்தில்
தலைக்கிளிப் விற்பவள் ஒருத்தி
கிளிப் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு
கால் நீட்டிச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
போனைப் பிடுங்கித் தன் எண்ணைத் தானே அடித்தாள்,
பத்து இலக்கம், மூச்சு விடாமல்.

அவள் மடியில் டிங் என்றது.

‘சார்’ என்றாள்.
என்னையா?
‘சார், நௌ, தோ...’
என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு
விரல்களை உயர்த்தினாள்.
நாலு. எட்டு. இரண்டு.
பூச்சியத்துக்கு விரல் வளையம்.
அடித்தேன். தவறு.
மறுபடி டிங், மறுபடி விரல்,
மறுபடி தவறு.

அப்போதுதான் கையைப் பார்த்தேன்.
இடக்கையில் சுண்டுவிரல் இல்லை.
இருந்த இடம் வழவழவென்று ஆறிக் கிடந்தது.
முழுக்க விரித்தால் அவளுக்கு அது ஐந்து.
நான்தான்
நாலென்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவை ஒன்று கூட்டிப் போட்டேன்.
திறந்தது.

தங்கை துஷ்யந்தி பதினாலு தடவை:
போய்ச் சேர்ந்தியா, போய்ச் சேர்ந்தியா.
ஏஜெண்ட் ஒரே வரி:
பூலேஷ்வர், மூன்றாம் போய்வாடா.
போய்வா, டா.
ஒரு தெருவுக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா?
தனியே சிரித்தேன். ஏனென்று தெரியாமல்
அவளும் சிரித்தாள்.
நெஞ்சைத் தொட்டு ரத்னமாலா என்றாள்.
சுகிர்தா என்றேன்.
‘சுக்ருதா’ என்று திருத்தினாள்.

இரண்டு கிளிப் வாங்கினேன், ஐம்பது ரூபாய்.
பேரம் பேசவில்லை. பேச மொழியுமில்லை.

பின்னேரம் பூலேஷ்வரில் அதே கிளிப்,
அதே நீலம், அதே பொய் முத்து.
டசன் இருநூற்று நாற்பது.
கணக்குப் பார்ப்பது என் தொழில்:
ஒன்றுக்கு ஐந்து ரூபாய் அவளுக்கு.
வவுனியாவில் நான் போடப்போகும் விலையை
அந்த இடத்தில் வைத்து யோசிக்கவில்லை.
பத்து டசன் கட்டச் சொன்னேன்.

மூன்றாம் நாள், சர்ச்கேட்.
ஏஜெண்ட் வாங்கித்தந்த புது சிம்
போனுக்குள் நன்றாகவே வேலை செய்தது.
ஆனாலும் அதே இலவசம் தானாய் வந்து நின்று
எண் கேட்டது.
பத்து இலக்கமும் எப்படியோ பாடமாகியிருந்தன.
அடித்தும்விட்டேன்.

இனி ஒரு தட்டு.
போரிவிலிக்கும் விராருக்கும் நடுவில்
நெரியும் பெட்டியில், அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பவளின்
மடியில் டிங் என்னும்.
விரித்துக் காட்ட எதிரே ஆளில்லாத
ஆறு இலக்கம்.

தட்டினேன்.