மெய்ப்பு

பள்ளத்தூர்ப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி
மருந்துக்கடை தாண்டினால் மூன்றாவது கதவு
என்னுடைய பழைய புத்தக கடை.
பள்ளிக் கைடுகள், ஜோதிட மலர்கள்,
அட்டை போன மாத நாவல்கள்.
பாதிக் கதையில் பிணம் விழும்,
முக்கால் கதையில் மழை பெய்யும்.

ஆடி மாதம் ஒரு செவ்வாயன்று முதல் புகார்.
"யாரோ கிறுக்கியிருக்காங்க" என்று
துப்பறியும் நாவலொன்றைத் திருப்பித் தந்தாள்
கல்லூரிக்குப் போகும் செல்வமதி.
கிறுக்கல் இல்லை.
'கத்தி குத்து' என்று அச்சாகியிருந்த வரியின் ஓரத்தில்
சிவப்பு மையில் ஒரு க்.
'கொலையாளியை தேடி' என்ற இடத்தில் ஒரு த்.
நூற்றுத்தொண்ணூற்றாறு பக்கத்தில்
இருநூறுக்கு மேல் ஒற்று.
கொலைகாரன் யாரென்று மட்டும்
எங்குமே எழுதவில்லை.
நாகரிகமான கை.

மறுநாள் இன்னொரு நாவல்.
அதற்கடுத்த நாள் சமையல் குறிப்பு:
வெள்ளை பணியாரத்துக்கு ஒரு ப்.

பூட்டு உடையவில்லை. சாவி என் இடுப்பில்.
காவல் நிலைய எழுத்தர் அடைக்கலம்
(நாவல் வாடகையில் நாற்பது ரூபாய் தர வேண்டும்)
தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டார்.
ஆத்தங்குடிப் பூக்கள் மறையும்வரை
தரையெங்கும் பவுடர் தூவிக் கடையை அடைத்தோம்.
காலையில் பூனையின் தடம் இருந்தது.
ஏணியடிக்குப் போய்
யார் காலிலோ உரசுவதுபோல்
ஓரிடத்தையே சுற்றிச் சுற்றி வந்திருந்தது.
அந்த ஓரிடத்தில்
பவுடர் கலையவே இல்லை.

சந்தேகம் தமிழாசிரியர் வேலாயுதத்தின் மேல் போனது.
வேறு யாருக்கு இவ்வளவு கோபம் வரும்?
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.
"நானில்லை" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இந்த இடத்தில் நான் தப்பாகத்தான் போட்டிருப்பேன்."
இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வாக்குமூலம்
இதுதான் முதல் என்று
அவர் மனைவி பிறகு சொன்னார்.

துப்பு அடைக்கலத்துக்குத்தான் கிடைத்தது.
வாசிக்கிறவன் திருத்தினால் வரிக்குள் திருத்துவான்.
ஓரத்தில் எழுதிக் கோடு இழுப்பது
அச்சகத்துப் பழக்கம்.
பரணில் ஏறினோம்.
கல்யாணப் பத்திரிகை, வட்டிக்கடை ரசீது,
ரங்கூன்வரை போன முகவரிச் சீட்டு,
எல்லாம் இந்த அறையில் அச்சானவை.
சம்பளப் பேரேட்டில் மாதாமாதம்
"மெய்ப்புக் கூலி, ஞானப்பூ."
ஐம்பத்துநாலு மார்கழியோடு அந்தப் பெயர் நிற்கிறது.
"பாக்கி ரூ. 11, அணா 6."
அடுத்த பக்கத்தில் வேறு யாரோ.
என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.
அடைக்கலம் இன்னும் தேடுகிறார்.

ஆறணாவுக்கு எங்கே போவது?
பன்னிரண்டு ரூபாயாகவே மேசையில் வைத்தேன்.
கூடவே ஒரு சீட்டு:
'உங்கள் பாக்கி பணம். மன்னிக்கவும்.'

விடிந்தபோது பணம் அப்படியே இருந்தது.
சீட்டில்
பாக்கிக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு ப்.

மெய் இல்லாதவள்
ஊருக்கெல்லாம் மெய் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று
வேலாயுதம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.
முதல் தகவல் அறிக்கைகள்கூட
ஓர் இரவு இங்கே தங்கிவிட்டுத்தான்
மேலிடம் போகின்றன.
நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள் நான்;
என் விரல்களை மன்னித்த முதல் ஆள் அவள்தான்.

இதையும் இன்று மேசைமேல் வைத்துப் பூட்டுகிறேன்.
மூன்றாம் அடியில் ஓர் ஒற்றெழுத்தை
வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.
அது இன்னும் வந்து சேரவில்லை என்றால்
அவளுக்கு முன்னால் நீங்கள் வந்துவிட்டீர்கள்.
கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.