மாறிலி

நாற்பத்தொரு பக்கம்.
அடிக்குறிப்பு மட்டும் அறுபத்தெட்டு.
மூன்று பேர் படித்தார்கள்: நடுவர்கள் இருவர்,
கூலிக்குப் பிழை திருத்தியவர் ஒருவர்.
அம்மா முதல் பக்கம் வரை வந்து
"படம் நல்லா இருக்கு" என்றாள்.
அது சிதறல் வரைபடம்.

சந்தா கட்டினால் திறக்கும் கதவுக்குள்
அது தூங்கட்டும் என்று விட்டுவிட்டு
ஒற்றைத் தாளாகச் சுருக்கினேன்.
'தேர்தல் பங்கேற்பு' என்பதை அடித்து
'ஓட்டுப் போடுவது' என்றேன்.
'புறத்தீவு வாக்காளர்கள்' என்பதை அடித்து
'நீங்கள்' என்றேன்.
அந்தச் சொல்லில் கை கொஞ்சம் நின்றது.

தல்காவே துறை. சிலி நாட்டின் தெற்கே, சிலோயே.
ஜூலை மழை மேலிருந்து விழாமல்
பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது.
மஞ்சள் படகின் அறையில் பதினான்கு பேர்,
ஒரு எரிவாயு உருளை, இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு,
சாக்கிலிருந்து தலைநீட்டும் வாத்து.
அக்கரைக்கு ஐம்பது நிமிடம்.
கருத்தரங்கில் எனக்குக் கொடுத்தது பதினைந்து.

எழுந்து நின்று வாசித்தேன்.
துறையிலிருந்து தள்ளிப் போகப் போக
ஓட்டுக் குறைகிறது என்றேன்.
தூரம் கூடினால்
அரசியலில் ஆர்வம் தேய்கிறது என்றேன்.
பாதியை எஞ்சின் தின்றது.
மீதியை வாத்து கேட்டது.

எதிரில் இருந்தவள் கையை நீட்டினாள்.
எதெல்மிரா நவெல்கின்; சிப்பிப் பண்ணையில் கயிறு இழுக்கிறவள்,
விரல் இடுக்கெல்லாம் உப்பு வெடிப்பு.
தாளை வாங்கி, படித்து, பின்பக்கம் திருப்பி
வெறுமையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"படகு எங்கே?"
எந்தப் படகு?
"ஓட்டு அன்னிக்கு ஓடின படகு. இதில் இல்லையே."

படகு நேரத்தை நான் மாறிலியாக வைத்திருந்தேன்.
எல்லா ஞாயிறுக்கும் ஒரே அட்டவணை.
துறை அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.
சட்டத்துக்குள் இருந்ததை நம்பினேன்.

சுக்கானிலிருந்து திரும்பாமலே நிபால்தோ சொன்னார்:
"அந்த ஞாயிறு கடைசிப் படகு ஒரு மணிக்கு.
அரசாங்க வாடகை. டீசல் அவ்வளவுதான் தந்தாங்க."
"ஒன்றரை," என்றது மூலையிலிருந்து ஒரு தொப்பி.
"ஒண்ணு," என்றார்கள் நாலு பேர்.

வரிசை அப்போது
பள்ளிக்கூட வாசலைத் தாண்டி நின்றதாம்.
எதெல்மிராவுக்கு முன்னால் பதினோரு பேர்.
எண்ணிக்கொண்டே இருந்தவள்
சங்கு ஊதியதும் துறைக்கு ஓடினாள்,
அடையாள அட்டை கையிலேயே இருக்க.
வீட்டில் கன்று போட நின்ற மாடு.

ஆக, என் கோடு,
பார்த்தவர்கள் எல்லாம் மெச்சிய அந்தச் சரிவு,
வந்து நின்று திரும்பியவர்களை
வராதவர்கள் என்று எழுதியிருக்கிறது.
பக்கத்தில் இரண்டு நட்சத்திரக் குறி வேறு.

"ஆர்வம் குறைவு," என்று
எழுத்துக்கூட்டுவதுபோல இன்னொரு முறை படித்தாள்.
கோபப்பட்டிருக்கலாம்.
கோபத்துக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தேன்.
"பேனா இருக்கா?" என்றாள்.

முழங்காலில் தாளை வைத்து, வெறும் பக்கத்தில்
எந்தத் தீவுக்கு எந்தப் படகு, எத்தனை மணிக்கு,
யார் ஏறினார்கள், யார் ஏறாமல் துறையிலேயே
இரவு படுத்தார்கள் என்று வளர்ந்தது பட்டியல்.
படகு குலுங்கியபோதெல்லாம் ஒரு எண் கோணலாயிற்று.
தொப்பிக்காரர் மட்டும் குறுக்கே வந்தார்:
"நான் நிஜமாவே ஆர்வமில்லாமத்தான் போகலை.
என்னை அப்படியே வச்சிரு."
வைத்தேன். பதினான்கில் ஒருவர்.
என் கருதுகோளுக்கு மிஞ்சிய ஒரே நண்பர்.

கரை தட்டியது. உருளை இறங்கியது, மூட்டைகள் இறங்கின.
பையில் இன்னும் ஐம்பது பிரதி இருந்தது,
எல்லாம் தவறு.
"எனக்கு ரெண்டு கொடு," என்றாள்.
"எங்க அக்காவும் அந்த வரிசையில் நின்னவ."
திருத்தி அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றேன்.
"தப்பானதையே கொடு.
எது தப்புன்னு நான் சொல்லிக்கிறேன்."

மழைக்கு மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள்.
சாக்கைத் தூக்கித் தோளில் போட்டாள்.
வாத்து அவளுடையதுதான் என்று
அப்போதுதான் தெரிந்தது எனக்கு.