நாலு பேர்

புயலுக்குப் பெயர் வைத்தவர்கள்
மழைக்கு வைக்கவில்லை.
அது பாட்டுக்குப் பெய்தது பதினோரு நாள்.

அந்தனனரிவோவின் கீழ்நகரில், எங்கள் சந்தில்,
எங்கள் வாடகை வீட்டுக்கு மட்டும்தான் மாடி.
மதில் சரிந்த இரவு படியேறி வந்தார்கள்
எதிர்வீட்டு வுவாஹாங்கி,
அவள் கணவர், மூன்று பிள்ளைகள்,
ஒரு மூட்டை அடுப்புக்கரி.
நனையாமல் வந்தது அது ஒன்றுதான்.

என் கணவர் வாஷிங்டன்
(உருகுவேயில் இப்படியும் பெயர் வைப்பார்கள்)
வடிகால் பொறியாளர்.
வாய்க்கால் வரைபடம் மேசையில் விரிந்து கிடந்தது.
அதன்மேல் அவள் கைக்குழந்தையைக் கிடத்தினோம்.
வரைபடமும் நனைந்தது.

தெரு முழுக்கத் தண்ணீர்.
குழாயைத் திறந்தால் இருமும், அவ்வளவுதான்.
மஞ்சள் கேன்கள் மிதந்துபோகாமல்
கயிற்றில் கோத்து வரிசை போட்டுவிட்டு
முழங்கால் வெள்ளத்தில்
குடிநீருக்கு நின்றோம்.
முதல் நாள் சிரிப்பு வந்தது.
நான்காம் நாள் அதே கேன்களைக்
குச்சியால் தட்டிக்கொண்டு
அவள் மூத்தவன் ஃபனீலுவும் கல்லூரிப் பையன்களும்
அமைச்சகம் பக்கம் போனார்கள்.

சத்தம் முதலில் வந்தது.
புகை பிறகு.
கண்ணீர்ப்புகை வெள்ளத்தின்மேல்
அவ்வளவு தாழ்ந்து வரும் என்று எனக்குத் தெரியாது.
வாத்துகள் தும்முமா?
தும்மின.

ஆறு மணிக்கு ஊரடங்கு.
ஃபனீலு வந்தது ஏழரைக்கு,
ஒற்றைச் செருப்போடு.
அவள் அடிக்கவில்லை, கேட்கவும் இல்லை.
அடிப்பிடித்த சோற்றுப்பானையில் நீர் விட்டுக் காய்ச்சி
அந்தப் பொன்னிற நீரை அவனிடம் நீட்டினாள்.
எனக்கும் ஒரு குவளை.
ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்தே இலை
தீர்ந்து ஒரு வாரம்.
கசப்பு ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது.

கம்பெனியிலிருந்து செய்தி:
காலை ஐந்துக்கு வண்டி.
நாலு பேருக்கு இடம். ஆளுக்கு ஒரு பை.
நான், வாஷிங்டன், பிரீசா, தியேகோ.
கணக்கு சரியாக இருந்தது.
அதுதான் உறுத்தியது.

சாவியை அவள் கையில் வைத்தபோது
எந்த மொழியிலும் எதுவும் வரவில்லை.
"அரிசி டின்னை மூடி வை, எலி" என்றேன்.
தலையசைத்தாள்.
பிரீசா மட்டும் வண்டி ஏறும்வரை
அவர்கள் வீட்டு நடுவுள்ளவளோடு
அவர்கள் மொழியில்
ஒரு ரப்பர் பாண்டுக்காகச் சண்டை போட்டாள்.

விமான நிலையச் சாலையில் டயர்கள் எரிந்தன.
மீசை முளைக்காத ஒரு சிப்பாய்
கண்ணாடியைத் தட்டி
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான்.
திரும்பினோம்.

ஒன்பது மணிக்கு வீடு.
எங்கள் பால்கனியில் அவர்கள் துணி.
எங்கள் கட்டிலில் அவள் கணவரின் குறட்டை.
என் ஏப்ரனை அவள் கட்டியிருந்தாள்.
நாலே மணி நேரத்தில்
நாங்கள் இல்லாத வீடு
எவ்வளவு நன்றாக நடந்துகொண்டிருந்தது!

முகம் தொங்கிப்போய் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.
ஈர முடிச்சு, வரவில்லை.
நானும் போய் இழுத்தேன். இன்னும் இறுகியது.
யார் முதலில் சிரித்தது என்பதில்
இன்றுவரை எங்களுக்குள் வழக்கு உண்டு.

இரவு எண்ணிப் பார்த்தோம்:
ஒன்பது பேர், இரண்டு கட்டில்,
ஓடாத மின்விசிறி, அரை மூட்டைக் கரி.
கம்பெனி மறுபடி அழைத்தது.
எத்தனை பேர் என்று கேட்கிறார்கள்.
வாஷிங்டன் போனைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தார்.

அடுக்களையில் அவள் கரியை விசிறிக்கொண்டிருந்தாள்.
ஏப்ரன் இன்னும் அவள் இடுப்பில்தான்.