இரைச்சல் அடங்கும் பக்கம்

நூற்றுப் பதினெட்டாம் அவெனியூ அடகுக்கடை
பத்து மணிக்குத்தான் திறக்கும்.
இரவு பஸ்ஸை ஆறரைக்கு டிப்போவில் விட்டுவிட்டு
கோப்பிக் கடையில் தூங்காமல் இருந்தேன்.
எட்மன்டனில் அன்று மைனஸ் இருபத்தேழு.
ஜாக்கெற்றுக்குள் எழுநூற்றைம்பது டொலர்,
மூன்று மாத ஓவர்டைம்.
ஒரு கிற்றாருக்குக் காணும்.

எனக்கு வேண்டியது மூன்று.

ஞாயிறு ஆராதனை. பாஸ்டர் நேசகுமார்
"பின்னால பனி விழுற மாதிரி இருந்தால் போதும் தங்கச்சி" என்பார்.
சனிக்கிழமை கலியாண மண்டபம்.
அனோஜன் ட்ரம்ஸில் ஏறினால் இறங்கமாட்டான்;
மாப்பிள்ளையின் சிநேகிதர் கதிரையில் ஏறி ஆடும்வரை
தாளத்தை நறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும்.
வியாழன் எனக்கு.
மெக்கானிக் டொரீனின் நிலவறை,
நாலு பேர், இரண்டு அம்ப்.
அங்கேதான் ஒரு சுரத்தைப் பிடித்து
அது கெஞ்சும்வரை வளைப்பேன்.

ரொமெல் முதலில் கறுப்பை இறக்கினான்.
மஹோகனி, பத்து இறாத்தல்.
யாரோ நித்திரையான பிள்ளையைத்
தோளில் போட்டுவிட்டுப் போனது போலிருந்தது.
இரட்டைச் சுருள் பிக்கப். அடித்த சுரம்
கடன் கொடுத்தவனாய் வாசலிலேயே நின்றது.
வியாழன் முழுக்க இதற்குள் இருந்தது.
ஆனால் கழுத்து ஒருமுறை முறிந்து ஒட்டியது.
"ஒட்டின இடம் இனி உடையாது" என்றான்.
மற்ற இடங்களைப் பற்றி அவன் பேசவில்லை.

அடுத்தது தேன் நிறம், உள்ளே வெறும் காற்று,
நெஞ்சில் வயலின் துளைகள்.
விரல் பட்டதும் பனி விழுந்தது.
அம்ப்பைக் கொஞ்சம் கூட்டினேன்,
நான் தொடாமலே ஊளையிட்டது.
இதோடு மண்டபத்துக்குப் போனால்
பொம்பிளையின் தாய் என்னைப் பார்க்கும் பார்வை
வீடியோவில் நிரந்தரமாக இருக்கும்.

கடைசியாக ஒரு வெளிர்நீலம்.
மூலையில் பெயின்ற் உரிந்து, எடை குறைந்து,
ஒற்றைச் சுருள் மூன்று, ஐந்து இடத்துச் சுவிட்ச்.
அல்பேர்ட்டாவின் உலர்காற்றில் மரம் ஒடுங்கி
ஃபிரெட் முனைகள் வெளியே வந்து
விரலோரத்தைப் பிறாண்டின.
வயரைச் செருகினேன்.
ஙொய்ய்ய்.
கடை நியோன் விளக்கின் புறுபுறுப்பெல்லாம்
என் வயிற்றடியில்.

"திரும்பிப் பார்" என்றான் ரொமெல்.
எங்கே?
"எங்கேயாவது. மெதுவாக."

பனிச்சப்பாத்தும் அரைத்தூக்கமுமாய்
நாற்பதடி பஸ்ஸை முட்டுச்சந்தில் திருப்புகிற நிதானத்தில்
சுழன்றேன்.
மைக்ரோவேவ் அடுக்கின் பக்கம் இரைச்சல் ஏறியது.
யாரோ விற்றுப்போன கலியாண மோதிரங்களிடம்
சற்றே தணிந்தது.
கதவைப் பார்த்து நின்றபோது
அடங்கிவிட்டது.

அப்படியே, கடைக்கு முதுகு காட்டி, வாசித்தேன்.
ஒரு நிலையில் தாளம் கண்ணாடிச் சில்லு.
இன்னொன்றில் பாஸ்டரின் பனி.
வெளியே என் வழித்தடப் பஸ் போனது,
பகல் சாரதி ஹோர்ன் அடித்தார்.
பிறகு ஒரு சுரத்தை வளைத்துப் பார்த்தேன்.
வளைந்தது. கெஞ்சவில்லை.
கறுப்பு கெஞ்சியிருக்கும்.

அறுநூற்றுப் பத்துக்குக் கேட்டேன், முப்பதுக்கு முடித்தான்.
முனைகளை டிப்போவில் அரம் போட்டுத் தேய்த்தேன்,
சாப்பாட்டு நேரத்தில், ரேடியேற்றர் சந்தத்தோடு.

இப்போது திசைகள் தெரியும்.
ஆலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியைப் பார்த்து நிற்பேன்.
மண்டபத்தில் ஆண்கள் கழிப்பறையை.
அனோஜன் சிரித்துத் தொலைக்கிறான்.

டொரீனின் நிலவறையில் மட்டும் திசையே இல்லை.
ஃபர்னஸ், உறைபெட்டி, மேலே ரியூப் லைற்,
எப்படித் திரும்பினாலும் இரைகிறது.
இரண்டு வியாழன் பொறுத்துப் பார்த்தாள்.
மூன்றாம் வியாழன் காதைச் சாய்த்து,
பி-க்கும் பி பிளாற்றுக்கும் நடுவில் எங்கோ
அதைப் பிடித்து,
பேஸின் கம்பியைத் திருகித் திருகி
அதற்கே இறக்கினாள்.

"சரி" என்றாள். "இதுதான் சுருதி.
நீயும் இறக்கு."