கழுத்து வரை காளை

ஆபீசுக்குக் கூப்பிட்டு
ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தார்கள்.
முப்பதாம் ஆண்டாம். சுவரில் மாட்ட
பழைய போட்டோ நாற்பது வேண்டுமாம்.
"அப்ப இருந்த ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க,
ஆரு ஆருன்னு சொல்லிப்போடுங்க."

எனக்கெப்படித் தெரியும்?
நான் பார்த்ததெல்லாம்
மூக்குத் துவாரம் இரண்டின் வழியே.

செங்கப்பள்ளி தாண்டி, பைபாஸை ஒட்டி,
சோளத்தட்டு அறுத்த காட்டில்
தொள்ளாயிரம் அடிக்கு போர் போட்டு
ஒரு கடலைக் கட்டினார் மில்லுக்காரர்.
நூல் மில்லில் கழற்றிய மோட்டார்தான்
அலை அடித்தது.
முதல் நாளே கரண்ட் போனது.
நானூறு பேர் இடுப்பளவுத் தண்ணீரில்
ஜெனரேட்டருக்குக் காத்து நின்றார்கள்,
சாமி இறங்கப் போகிற மாதிரி.
அந்தப் படம் இருக்கிறது, கொஞ்சம் மங்கலாக.
எடுத்த சுலைமானும் தண்ணிக்குள்தான் நின்றார்.

நான் காளை.
காங்கேயம் காளைக்குச் சிவப்பு டவுசர் மாட்டி
இரண்டு காலில் நிறுத்தினால் எப்படியோ, அப்படி.
தலை மட்டும் ஆறு கிலோ, பைபர்.
கொம்புக்கு மாசம் ஒருமுறை வெள்ளைப் பெயிண்ட்.
உள்ளே
போன வாரத்து வேர்வை மேல் இந்த வாரத்து வேர்வை.
நாளுக்கு முப்பது ரூபாய், மத்தியானச் சோறு.
பேசக் கூடாது, அது ஒன்றுதான் கண்டிஷன்.

தீபாவளி போனஸ் கொடுத்த மறுவாரம்
திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி வண்டிகள் வரும்.
செக்கிங், கைமடி, பவர் டேபிள் எல்லோரும்
வாடகை நைலான் உடுப்பில், நெஞ்சில் நம்பரோடு.
தோளில் சாய்ந்தவர், கொம்பில் தொங்கியவர்,
வாலை முறுக்கி ஹை ஹை என்றவர்
எல்லாம் எனக்கு வயிறுகள், கைகள்.
இப்போதுதான் முகம் பார்க்கிறேன்.
இத்தனை சின்னப் பிள்ளைகளா!

அறுபத்தொன்று.
நம்பரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.
மற்றதுகள் ராட்டினத்துக்கு ஓடியபின்
அவள் மட்டும் திரும்பி வந்து
காளையின் காதில் சொன்னாள்.
காளைக்குக் காது எங்கே, எனக்குக் காது எங்கே,
பாதிதான் கேட்டது.
"...நாளைக்குக் கம்பெனிக்கு வரமாட்டேன்.
ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே."
பஞ்சு அடைத்த கையால்
அவள் தலையில் ஒரு தட்டு தட்டினேன்.
வேறென்ன செய்ய, கண்டிஷன்.
அப்புறம் ரொம்ப நாள்
பேப்பரில் மூன்றாம் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன்.

படத்தில் சிரிக்கிறாள்.
முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது.
புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் கம்பியைப் போல
என் கையைப் பிடித்திருக்கிறாள்.
பின்புறம் சுலைமானின் பென்சில் எழுத்து:
61. வாங்கவில்லை. ரூ. 25.

டின் முழுக்க வாங்காதவைதான்.
வாங்கியவை அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன.

அடியில் இன்னொன்று.
எடுத்தது யாரென்று தெரியவில்லை.
பின்கேட், சித்திரை மாசம், போர் வற்றிவிட்டது.
லாரித் தண்ணி அலைக்குள் இறங்க
ஹோஸ் ஒழுகும் இடத்தில் ஒன்பது குடங்கள் வரிசையாய்.
பக்கத்தில், கழுத்து வரை காளையாக,
கழற்றிய தலையை மடியில் வைத்துக்கொண்டு
ஒருவன் அண்ணாந்து குடிக்கிறான்.
குடத்தைச் சாய்க்கும் கை தெரிகிறது, வளையலோடு.
ஆள் படத்துக்கு வெளியே.

"இது ஆருங்க?" என்றார் மேனேஜர்.
"காளைங்க."
"வேண்டாமுங்க, குடமெல்லாம் தெரியுது"
என்று ஒதுக்கினார்.

அறுபத்தொன்றை நானே ஒதுக்கினேன்,
சட்டைப் பைக்குள்.
டின்னை மூடுமுன் பணத்தை உள்ளே வைத்தேன்.
சில்லறை இல்லை.
மூன்று பத்து ரூபாய் நோட்டு.